பெயின்டுக்கு முன்னால் எஃகைப் பாருங்கள்: பூச்சு டெண்டர் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலைப் பொறியாளர்களுக்கும், கொள்முதல் பிரிவினருக்கும், பராமரிப்பு நிதிக்குக் கையெழுத்திடும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். எஃகின் மேல் பூசப்படும் பூச்சைச் சோதித்துப் பார்ப்பது என் தொழில். தொட்டி, குழாய், பைப் ரேக், கிரேன் தூண் என்று நீங்கள் நிறுத்தி வைக்கும் எஃகெல்லாம் எப்பாக்ஸி பூசும்போது ஒருமுறையும், அது உரியும்போது இன்னொரு முறையும் என் கண்ணில் படும். உரிந்த இடத்துக்குக் காரணம் தேடும்போது டெண்டர் காகிதத்தையும் படிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அவையெல்லாம் ஒரே அச்சுத்தான். பெயின்ட் பற்றி அரைப் பக்கம் இருக்கும்: எந்தத் தயாரிப்பு, எத்தனை கோட், எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன், என்ன நிறம். பூசுவதற்கு முன் எஃகை என்ன செய்வது என்பதற்கு ஒரே வரி: துரு, தூசி, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி நன்கு சுத்தம் செய்து பூச வேண்டும்.

நன்கு என்றால் எவ்வளவு? ஒப்பந்ததாரருக்குக் கம்பி பிரஷ்ஷால் இரண்டு இழுப்பு இழுத்தாலே நன்குதான். எனக்கு அது போதாது. சண்டை வந்தால் காகிதம் அவர் பக்கம்தான் பேசும். அந்த வரியை மாற்றுங்கள், அதற்குரிய பணத்தையும் நாளையும் தனியாக ஒதுக்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

எப்பாக்ஸி என்பது தண்ணீர் புகாத சுவர் என்ற நினைப்புதான் பல தவறான முடிவுகளுக்கு வேர். அது அப்படி இல்லை. பிசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் சேர்ந்து பின்னிக்கொள்ளும் அந்த வலை எவ்வளவு நெருக்கமானாலும் ஈரமும் ஆக்சிஜனும் மெல்ல உள்ளே போகத்தான் செய்யும். மெய்ன் என்ற ஆய்வாளர் போன நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இதைக் காட்டிவிட்டார்: பெயின்ட் படலங்களின் வழியே புகும் நீரும் ஆக்சிஜனும் வெற்று எஃகு துருப்பிடிப்பதற்குப் போதுமான அளவு. பிறகு பூச்சு எதை வைத்துக் காக்கிறது? இரண்டை வைத்து. ஒன்று, அயனிகள் படலத்தின் வழியே எளிதில் ஓட முடியாது. அதனால் துருவுக்குத் தேவையான மின்சுற்று நிறைவடைவதில்லை. மற்றொன்று, ஈரம் உள்ளே வந்த பிறகும் படலம் எஃகை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. பிடி இருக்கும்வரை நீர் தேங்க இடமில்லை. இடமில்லையென்றால் துருவும் இல்லை.

அந்தப் பிடியை நீங்கள் டப்பாவோடு சேர்த்து வாங்க முடியாது. அது எஃகின் மேல் உருவாக்கப்பட வேண்டியது.

படலத்துக்கு அடியில் கொஞ்சம் உப்பு மாட்டிக்கொண்டால் நடப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மேலே பூச்சு பளபளவென்று இருக்கும், ஓட்டை எதுவும் தெரியாது. ஆனால் தடவிப் பார்த்தால் கையில் சிறு சிறு கொப்புளங்கள் தட்டும். கத்தி முனையால் ஒன்றைக் கீறினால் துளி நீர் வெளியே வரும். அதில் பிஎச் தாளை நனைத்தால் பல நேரம் காரத்தன்மை காட்டும். ஆக்சிஜனும் நீரும் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடாக மாறியதன் அடையாளம் அது. அந்தக் காரமே பக்கத்துப் பிடியையும் தளர்த்திவிடுகிறது. அடியில் எஃகு கறுத்துப் போய் இருக்கும். நீரை உள்ளே இழுத்தது அடியில் இருந்த உப்பு: வெளியே நீர்த்த நீர், உள்ளே உப்புக் கரைசல், நடுவில் அரைகுறையாக விடும் ஒரு படலம். சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்த அதே பாடம்தான். பெயின்டில் குறை இல்லை. டப்பாவைத் திருப்பி அனுப்பி இழப்பீடு கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஆய்வகம் சரியான சரக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டது.

இந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சங்கடம். பிளாஸ்டிங் (கிரிட் எனும் கடினத் துகள்களைக் காற்றழுத்தத்தால் வீசியடித்துச் சுத்தம் செய்வது) முடிந்து எஃகு வெள்ளி போல் இருக்கும்போதும் துருக்குழிகளின் அடியில் குளோரைடு உட்கார்ந்திருக்கும். உலர் கிரிட் அதை முழுவதும் எடுக்காது. சில நேரம் குழிக்குள் இன்னும் அழுத்தி மூடிவிடும். பழைய, குழி விழுந்த எஃகில் பிளாஸ்டிங் செய்து மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் குழிகளில் மட்டும் கறுப்புப் புள்ளிகள் முளைத்திருக்கும். அது எஃகே கொடுக்கும் சோதனை முடிவு. சரியான வழி, முதலில் நல்ல நீரால் அழுத்தம் கொடுத்துக் கழுவி, உலர்ந்தபின் பிளாஸ்டிங் செய்து, பிறகு உப்பை அளக்கும் பிரெஸ்லே பட்டையை ஒட்டிச் சோதிப்பது. கையகலம்கூட இல்லாத அந்தப் பட்டைக்குள் சிரிஞ்சால் தூய நீரைச் செலுத்தி, உறிஞ்சி, அதன் மின்கடத்துத்திறனை அளக்கிறோம். ஓரிடத்தில் அளக்கச் சில நிமிடம். கப்பல்களின் கடல்நீர்த் தொட்டிகளுக்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2006இல் வகுத்த பூச்சுத் தரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம் சோடியம் குளோரைடுக்கு மேல் இருக்கக் கூடாது என்று எல்லை போட்டிருக்கிறார்கள். உங்கள் டெண்டரில் இப்படி ஓர் எண் இருக்கிறதா? தேடிப் பாருங்கள். உயர்ந்த ரக எப்பாக்ஸிக்குத் தயங்காமல் பணம் கொடுத்துவிட்டு இந்தப் பட்டைக்கு யோசிப்பது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசும் கதைதான்.

சுத்தத்துக்கும் அளவு இருக்கிறது, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஐஎஸ்ஓ 8501-1 என்ற சர்வதேசத் தரம் படங்களோடு வகுத்து வைத்திருக்கிறது. எஸ்ஏ 2½ என்ற பிளாஸ்டிங் அளவு என்றால் எண்ணெய், மில் ஸ்கேல் (தகட்டைச் சூட்டில் உருட்டும்போது படியும் ஆக்சைடு), துரு, பழைய பெயின்ட் எதுவும் கண்ணுக்குத் தெரியக் கூடாது. புள்ளியாகவோ கோடாகவோ லேசான கறை நிழல் மட்டும் மிஞ்சலாம். எஸ்டி 2, எஸ்டி 3 என்பவை கைக்கருவியாலும் சுழலும் பிரஷ்ஷாலும் செய்யும் சுத்தம். இரண்டும் ஒன்றல்ல. சுழல் பிரஷ் துருவை நீக்குவதாகத் தோன்றும், பாதி நேரம் அதைத் தேய்த்து மெருகேற்றிவிடும். மெருகேறிய துருவின் மேல் எப்பாக்ஸி பூசினால் அது துருவைத்தான் பிடிக்கும், எஃகை அல்ல. மில் ஸ்கேல் இதைவிட ஏமாற்றுக்காரன். சூட்டில் உருட்டிய தகட்டின் மேல் நீலச்சாம்பல் நிறத்தில், பார்க்க அழகாக, உறுதியாக ஒட்டியிருக்கும். வெடித்த இடத்தில் ஈரம் பட்டால் அது கேத்தோடாக நின்று, பக்கத்து எஃகை ஆனோடாக்கி அரிக்க வைக்கும். புதுத் தகடுதானே, துருவே இல்லையே என்று அதன் மேல் நேராகப் பூசச் சொல்பவர்களை இன்னும் சந்திக்கிறேன்.

சுத்தத்தோடு சொரசொரப்பும் வேண்டும். மொழுமொழுவென்று இருக்கும் எஃகில் எப்பாக்ஸிக்குக் கால் ஊன்ற இடமில்லை. எத்தனை மைக்ரான் என்பது பூச்சைப் பொறுத்தது. மேலே சொன்ன கப்பல் தரம் 30 முதல் 75 மைக்ரான் என்கிறது. உருண்டை ஷாட் போட்டால் குழிகள் மழுங்கலாக இருக்கும், கோணலான கிரிட் போட்டால் கூர்மையாக இருக்கும். எதைப் போடுவது என்பதை நீங்கள் எழுதாவிட்டால் ஒப்பந்ததாரர் விலை குறைந்ததைப் போடுவார். நானும் அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன். ஒரு விலக்கு மட்டும் வேண்டும்: சிலிக்கா மணலை எந்த விலைக்கும் அனுமதிக்காதீர்கள். அதன் தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸைக் கொடுக்கிறது. அதற்கு மருந்து கிடையாது.

அடுத்தது வானிலை. இது உங்கள் கால அட்டவணையோடு நேரடியாக மோதும் இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பூசும்போது எஃகின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விதி. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். பனிநிலை ஏறக்குறைய 26 டிகிரி. அப்படியானால் எஃகு 29 டிகிரிக்குக் கீழே இருந்தால் பூசக் கூடாது. ஆட்களுக்கு வியர்த்துக் கொட்டும் அந்த நேரத்தில் எஃகு குளிர்ந்திருக்கும் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் இரவெல்லாம் திறந்த வானத்தின் கீழ் நின்ற தொட்டியின் கூரைத்தகடு காற்றைவிடக் குளிர்ந்துதான் போகும். குளிர்ந்த திரவம் ஓடும் குழாயில் பகலிலும் அதே நிலை. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஈரப்படலம் போதும், பிடி போய்விடும். ஆகவே, பகலில் ஆலை ஓடட்டும், பெயின்டிங்கை இரவில் முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது, ஈரத்தின் மேல் பூசுங்கள் என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

பூசிய பிறகும் ஆபத்து தீர்ந்துவிடவில்லை. அமீன் வகை ஹார்டனர்கள் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடோடும் ஈரத்தோடும் சேர்ந்து கார்பமேட் உப்பாக மேலே வந்து படியும். தொட்டால் எண்ணெய் தடவினாற்போல் பிசுபிசுக்கும். குளிரும் ஈரமும் சேர்ந்த இரவில் இது அதிகம். அதன் மேல் அடுத்த கோட் போட்டால் இரண்டு கோட்டும் தனித்தனி. சில மாதங்களில் மேல் கோட் தாள் உரிப்பதுபோல வரும்; உரிந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வழுவழுவென்று இருக்கும், கீழ்க் கோட்டின் துணுக்கு ஒன்றுகூட ஒட்டியிருக்காது. அப்படி இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான், அல்லது அடுத்த கோட்டுக்கான கெடு தாண்டிவிட்டது. பிசுபிசுப்பைத் தின்னரால் துடைப்பது வழக்கமாகிவிட்டது, ஆனால் இந்த உப்பு நீரில்தான் நன்றாகக் கரையும். நல்ல நீரால் கழுவித் துடைத்து, காயவிட்டு, தேவைப்பட்டால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி மேலே போக வேண்டும்.

கெடு என்றதும் ஒன்று. இரண்டு கோட்டுக்கும் நடுவே குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். அதிகபட்சம் என்று அதே அட்டவணையில் இன்னொரு வரி இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. இறுகி முடிந்த எப்பாக்ஸியில் புதுக் கோட் வேதியியல் பிணைப்புக்கு ஆள் கிடைக்காமல் வெறுமனே உட்கார்ந்திருக்கும். உங்கள் அனுமதிச் சீட்டு தாமதமாகி வேலை இரண்டு வாரம் நின்றால், திரும்பத் தொடங்கும்போது மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும் செலவு யாருடையது என்று டெண்டரிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

கலப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிசின் டப்பாவும் ஹார்டனர் டப்பாவும் முழுசாகச் சேர வேண்டியவை. பாதி டப்பாவைக் கண்ணளவில் ஊற்றிக் கலக்க அனுமதிக்காதீர்கள், விகிதம் தவறிய எப்பாக்ஸி எத்தனை நாள் ஆனாலும் முழுதாக இறுகாது. கலந்த சரக்கின் ஆயுள் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும். கெட்டியாகத் தொடங்கியதும் தின்னர் ஊற்றி ஓட்டுவதுதான் களத்தில் நடக்கும் கூத்து. தின்னரில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. 80 சதவீதத் திடப்பொருள் கொண்ட பெயின்டில் 200 மைக்ரான் உலர்படலம் வேண்டுமென்றால் ஈரப்படலம் 250 இருக்க வேண்டும். 10 சதவீதம் தின்னர் சேர்த்தபின், ஈரப்படலத்தை அளக்கும் பல்லளவியில் அதே 250 காட்டினால் காய்ந்தபின் கிடைப்பது 182தான். பெயின்டர் பொய் சொல்லவில்லை, பல்லளவியும் பொய் சொல்லவில்லை.

இனி உங்கள் சதுர மீட்டர் கணக்கு. எஃகு துருப்பிடிக்கத் தொடங்குவது நீங்கள் அளந்து பணம் கொடுக்கும் பரந்த தகட்டில் அல்ல. விளிம்பில், வெல்டிங் ஓரத்தில், போல்ட் தலையில், இரண்டு கோணச்சட்டங்கள் முதுகோடு முதுகாக நிற்கும் இடுக்கில். கூரான விளிம்பில் ஈரப் பெயின்ட் தன் பரப்பு இழுவிசையாலேயே இரு பக்கமும் விலகிவிடும். தகட்டில் 300 மைக்ரான் காட்டும் மீட்டர் விளிம்பில் நிற்பதே இல்லை, அதனால் அங்கே எவ்வளவு இருக்கிறது என்று அளப்பாரும் இல்லை. கப்பல் தரத்தில் விளிம்பைக் குறைந்தது 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைக்கவோ, மூன்று முறை கிரைண்டர் ஓட்டவோ சொல்கிறார்கள்; விளிம்புக்கும் வெல்டிங்குக்கும் பிரஷ்ஷால் தனியாக ஸ்ட்ரைப் கோட் இரண்டு. இது மெதுவான, கைவேலை. சதுர மீட்டருக்கு விலை பேசினால் இந்த வேலைக்கு விலையே இல்லை என்றுதான் பொருள். நீட்டளவு மீட்டர் கணக்கில் விளிம்பையும் வெல்டிங்கையும் தனி வரியாகப் போடுங்கள். வெல்டிங் தெறிப்பை உளியால் தட்டி எடுக்க வேண்டியது பெயின்டர் வேலையா, ஃபேப்ரிகேட்டர் வேலையா என்பதையும் அங்கேயே முடித்துவிடுங்கள். அந்தத் தகராறில் போகும் நாட்களைக் கணக்குப் பார்த்தால் கிரைண்டிங் கூலியே குறைவாக இருக்கும்.

மைக்ரான் எண்ணைப் பற்றியே பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதிகம் என்றால் நல்லது என்று இல்லை. தடிமன் எல்லை மீறினால் தின்னர் உள்ளே சிக்கும், இறுகும்போது உள் இழுவிசை கூடும், மூலைகளில் பிளக்கும். துத்தநாகச் சிலிகேட் பிரைமர் என்றால் காய்ந்த குளத்துச் சேறுபோல் வெடித்துக் காட்டிவிடும். சராசரி சரியாக வந்தால் போதும் என்பதும் தவறு; ஒரு பக்கம் 500, ஒரு பக்கம் 100, சராசரி 300 என்று கையெழுத்து வாங்கிப் போனவர்கள் உண்டு. குறைந்தபட்சமும் அதிகபட்சமும் இரண்டுமே எழுத்தில் வேண்டும். எப்பாக்ஸி வெயிலில் சுண்ணாம்புபோல் பொடியும் என்பதால் வெளியே நிற்கும் எஃகுக்கு மேலே பாலியூரித்தேன் கோட் தேவை என்பதை அநேகமாக எல்லோரும் அறிவீர்கள், அதை விட்டுவிடுகிறேன்.

இதெல்லாம் ஏட்டுச்சுரைக்காய் என்று தோன்றினால் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலத்தைப் பாருங்கள். 1890இல் திறந்தது. ஒரு முனையில் பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் மறுமுனையில் மறுபடி தொடங்க வேண்டும் என்று பேர்பெற்ற பாலம்; ஆங்கிலத்தில் முடிவே இல்லாத வேலைக்கு அதைத்தான் உவமை சொல்வார்கள். 2002இல் தொடங்கி 2011 முடிவில் நிறைவேறிய சீரமைப்பில் மேலே இன்னொரு கோட் போட்டுப் போகவில்லை. பழைய அடுக்குகளை எஃகு தெரியும்வரை பிளாஸ்டிங் செய்து எடுத்தார்கள். பிறகு துத்தநாக பிரைமர், அதன் மேல் கண்ணாடிச் செதில் கலந்த எப்பாக்ஸி, மேலே பாலியூரித்தேன். 25 ஆண்டுக்குக் குறையாமல் தாங்கும் என்று கணக்கிட்டார்கள். செதில்கள் படலத்துக்குள் தட்டையாக அடுக்கடுக்காகப் படுத்து, ஈரம் வரும் வழியை நீட்டி வளைத்துவிடும். கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகளில் தேர்ந்த சரக்கு அது. ஆனால் பழைய அடுக்குகளின் மேலேயே அதைப் பூசியிருந்தால் பழைய அடுக்கு விடும் நாளில் அதுவும் கூடவே வந்திருக்கும்.

பணத்துக்கு வருகிறேன், கையெழுத்திடுபவர்கள் அதைத்தான் கேட்பீர்கள். அரிமானத் துறைப் பொறியாளர்களின் நேஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட ஆய்வு, உலகில் அரிமானத்தால் ஆண்டுக்கு ஆகும் செலவை 2.5 டிரில்லியன் டாலர் என்று மதிப்பிட்டது. உலக மொத்த உற்பத்தியில் 3.4 சதவீதம். ஏற்கெனவே தெரிந்த வழிகளைச் சரியாகக் கடைப்பிடித்தாலே அதில் 15 முதல் 35 சதவீதம் மிச்சப்படும் என்றும் சொன்னது. உங்கள் ஆலையின் கணக்கு இதைவிட எளிது. ஒரு பூச்சு வேலையில் பெயின்டின் விலை சிறு பங்குதான். சாரம் கட்டுவது, மறைப்பு போடுவது, பிளாஸ்டிங், ஆள் கூலி, ஆலையை நிறுத்துவது ஆகியவைதான் பெரும்பங்கு. மூன்றாம் ஆண்டில் மறுபடி பூச வேண்டி வந்தால் இவை அத்தனைக்கும் மறுபடி கொடுக்கிறீர்கள். கூடவே உரிந்த எப்பாக்ஸியைச் சுரண்டி எடுக்கும் செலவு புதிது.

எஃகுப் பூச்சுகளுக்கான ஐஎஸ்ஓ 12944 தரம் சொல்லும் ஆயுளையும் உத்தரவாதத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உயர்ந்த ஆயுள் என்றால் 15 முதல் 25 ஆண்டு என்று அது வகுப்பது பராமரிப்பைத் திட்டமிடுவதற்கு. அது உத்தரவாதக் காலம் அல்ல என்று அந்தத் தரமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த எண்ணைக் காட்டி 15 ஆண்டு உத்தரவாதம் கேட்டால், தருகிறேன் என்று சொல்லிக் கையெழுத்திடுபவர் அதைப் படிக்காதவராகத்தான் இருப்பார்.

நான் கேட்பது நான்கைந்து மாற்றங்கள்தான். சுத்தம் செய்ய வேண்டும் என்ற வரிக்குப் பதிலாக, எந்தத் தரப்படி எந்த அளவு, எவ்வளவு சொரசொரப்பு, எவ்வளவு உப்பு என்று எண்ணோடு எழுதுங்கள். பெயின்டின் விலையும் மேற்பரப்புத் தயாரிப்பின் விலையும் தனித்தனி வரியாக வரட்டும். யார் எதில் குறைத்துக் காட்டுகிறார் என்று அப்போது உங்களுக்கே தெரியும். பிளாஸ்டிங் முடிந்ததும் பிரைமருக்கு முன்னால் வேலை நிற்க வேண்டும், ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும். அந்த ஆய்வாளருக்குச் சம்பளம் ஒப்பந்ததாரரிடமிருந்து வரக் கூடாது. ஈரப்பதத்தால் நின்ற நாட்களுக்கு ஆட்கூலி உண்டு என்று எழுதுங்கள். இல்லையென்றால் நிற்கும் ஒவ்வொரு நாளும் ஒப்பந்ததாரருக்கு நட்டம், அந்த நட்டத்தை அவர் ஈரத்தின் மேல் பூசித்தான் ஈடுகட்டுவார்.

ஆட்களைப் பற்றியும் ஒரு வரி அதில் வேண்டும். இறுகாத எப்பாக்ஸி தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது போகாது. பிறகு அந்தப் பெயின்டர் அந்தத் தொழிலுக்கே திரும்ப முடியாமல் போகும். நைட்ரைல் கையுறை, தொட்டிக்குள் வெளிக்காற்று செலுத்தும் முகமூடி, ஆவியை வெளியேற்றும் காற்றோட்டம் ஆகியவற்றின் செலவு டெண்டர் விலைக்குள் எங்கேயோ இருக்கும் என்று விட்டுவிடாமல் தனியாகக் கொடுங்கள்.

இதைப் படிக்கும் நேரத்தில் உங்கள் இடத்திலேயே ஏதாவது ஒரு தொட்டியில் வேலை பாதியில் நடந்துகொண்டிருக்கலாம். டெண்டரை இனி மாற்ற முடியாது. ஆனால் இரண்டாவது கோட்டுக்கு முன்னால் ஒருநாள் நிறுத்தி, ஈரத்துணியால் துடைத்துப் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்; எங்கேயாவது மூன்று இடத்தில் இழுவைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். இழுத்துப் பார்க்கப் பூச்சின் மேல் ஒட்டிய டாலி என்ற உலோகக் குமிழ் எந்த அடுக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு வருகிறது என்பதை நீங்களே நேரில் பாருங்கள், அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். எஃகிலிருந்தே சுத்தமாகக் கழன்று வந்தால் அந்தப் பகுதியை மறுபடி பிளாஸ்டிங் செய்யச் சொல்லும் முடிவை அன்றே எடுங்கள். சாரம் இன்னும் பிரிக்கப்படவில்லை.

இப்படிக்கு,
பூச்சு ஆய்வாளர் ஒருவர்